கை மாறின வயல்

2022 நவம்பரில் எனக்கு வேலை போனது. ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல் சென்னை அறையிலேயே கிடந்தேன். அப்புறம் ஒரு பையையும் வரைகிற டேப்லெட்டையும் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினேன். வேளாங்கண்ணி தாண்டி, வேதாரண்யம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஏன் வந்தாய் என்று அப்பா கேட்கவில்லை. "இருந்துட்டுப் போ பாப்பா, யாரு வேணாங்குறா" என்றார். அம்மாதான் நாலு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, "லீவு எத்தன நாளு?" என்றாள். நான் பதில் சொல்லாததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேலை போனது எனக்கு மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அப்பா குத்தகைக்கு ஓட்டிய ஒன்பது மா நிலம் ஆடி மாசத்தில் கை மாறியிருந்தது. ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். நிலத்துக்காரர் வெளியூரில் இருப்பவர். கூடுதலாகத் தருகிறேன் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்க, கொடுத்துவிட்டார். சண்டை எதுவும் இல்லை. அப்பா தினமும் காலையில் அந்த வரப்பு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டு, சுற்றுவழியில் டீக்கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

இந்த நிலையில்தான், 2023 ஜனவரியில், வின்லாண்ட் சாகாவின் இரண்டாவது சீசன் வந்தது.

*

அனிமே பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். மகோட்டோ யுகிமுரா எழுதி வரைந்த மாங்கா. முதல் சீசன் 2019இல் விட் ஸ்டூடியோவில் இருந்து வந்தது. கத்தி, கப்பல், பழிவாங்கல். அப்பனைக் கொன்றவனைக் கொல்வதற்காகவே வளர்கிற தோர்ஃபின் என்ற பையன். இரண்டாவது சீசனை எடுப்பது விட் இல்லை, மாப்பா என்று செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸப் குரூப்பில் முதலில் ஒப்பாரி வைத்தவள் நான்தான். "முடிஞ்சுது. டைட்டனுக்கு பண்ணதத்தான் இதுக்கும் பண்ணப் போறானுங்க" என்று போட்டேன். பதினேழு பேர் அழுகிற முகம் போட்டார்கள்.

டைட்டனுக்கு என்ன பண்ணினார்கள் என்று நாங்கள் நினைத்தோம்? அட்டாக் ஆன் டைட்டனின் முதல் மூன்று சீசனும் விட் ஸ்டூடியோ. 2013இல் ஆரம்பித்து 2019 ஜூலையில் மூன்றாவது சீசன் முடிந்தது. நான்காவது, அதாவது இறுதி சீசன், 2020 டிசம்பரில் மாப்பாவிலிருந்து வந்தது. முதல் சீசனை டெட்சுரோ அராகி இயக்கியபோது கதாபாத்திரங்களைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு ஓடும், தூரிகையால் இழுத்த மாதிரி. கயிற்றில் தொங்கி வீரர்கள் பறக்கும்போது கேமராவும் கூடவே கூரை மேல் உருண்டு போகும். இறுதி சீசனில் யுயிச்சிரோ ஹயாஷியும் ஜுன் ஷிஷிடோவும் வந்தார்கள். முகங்களை வடிவமைக்கும் வேலை கியோஜி அசானோவிடமிருந்து டொமோஹிரோ கிஷிக்குப் போனது. கோடு மெலிந்தது, நிறம் வெளுத்தது, டைட்டன்கள் பல இடங்களில் கம்ப்யூட்டர் உருவங்களாக நடந்தன. போதாததற்கு, முதல் எபிசோடில் எரென், மிகாசா, ஆர்மின் யாரையும் காணோம். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ எவனுடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

நாங்கள் திட்டினோம். அப்புறம் மெல்ல ஒன்று தெரிந்தது. இசயாமாவின் மாங்காவிலேயே கதை அந்த இடத்தில் கடலைத் தாண்டிவிடுகிறது. நான்கு வருஷம் கழிகிறது. எரெனுக்கு முடி வளர்ந்து கண் குழிந்திருக்கிறது. நமக்குப் பழகிய ஊரை எதிரியின் கண்ணால் பார்க்கச் சொல்கிறது கதை. எது ஸ்டூடியோ மாறியதால் வந்த அந்நியம், எது கதையே கேட்ட அந்நியம் என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கிற பொறுமையும் எங்களுக்கு இல்லை. போர்டில் பெயர் மாறியிருந்தது, திட்ட அது போதுமாக இருந்தது.

இந்தத் திட்டு ஒன்றும் புதுசில்லை. எங்கள் அம்மாச்சி வீட்டில் பொன்னியின் செல்வன் இருந்தது, கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்து பைண்டு பண்ணியது. 1950இலிருந்து 1954 வரை வந்த முதல் தொடர், மணியம் படங்களோடு. பின்னாளில் அதே கதை அதே பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் என்று கைகள் மாறின. கதையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் அம்மாச்சி புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் யாரு, எலெக்சன்ல நிக்கிறவனாட்டம்? வந்தியத்தேவனா இவன்?" என்பாள். நான் முதலில் பார்த்ததோ பத்மவாசனின் வந்தியத்தேவன். எனக்கு மணியத்தின் படம்தான் பழைய சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. நாகப்பட்டினத்தில் கடல் பொங்கி ஊருக்குள் வருகிற இடம் ஐந்தாம் பாகத்தில் வரும். சூடாமணி விகாரத்தைத் தண்ணீர் சூழும். 2004க்குப் பிறகு எங்கள் ஊரில் அந்தப் பக்கங்களை யாரும் சாதாரணமாகப் படித்துவிட முடியாது. அந்த இடம் வந்தால் மட்டும் அம்மாச்சி படத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள். பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

முதலில் கண்ணில் பட்ட கைதான் நமக்கு மூலம். அதற்கு அப்புறம் வருகிற எல்லாக் கையும் போலி. ரசிகர்களாக நமக்கு இருக்கிற நியாயம் அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தப் போலிக் கைகளில் ஒன்றாக நானே நான்கு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

*

சென்னையில் நான் இருந்தது வெளிநாட்டு கார்ட்டூன்களுக்குக் கூலி வேலை செய்கிற ஒரு ஸ்டூடியோ. கதை, குரல், ஸ்டோரிபோர்டு எல்லாம் அங்கிருந்து வரும். நாங்கள் ஆட்டி வைக்க வேண்டும். டூன் பூம் ஹார்மனி என்ற மென்பொருளில் பொம்மலாட்டம் மாதிரி: கை ஒரு துண்டு, முழங்கை ஒரு துண்டு, கண்ணிமை ஒரு துண்டு. இந்தப் பொம்மைக்கு ரிக் என்று பெயர். ஒரு சின்னப் பெண்ணும் அவளுடைய நாயும் வரும் தொடர், எபிசோடு 11 நிமிஷம். முதல் சீசனை வேறு நாட்டில் வேறு ஸ்டூடியோ செய்திருந்தது. இரண்டாவது எங்களுக்கு வந்தது.

என்ன வந்தது என்று சொல்கிறேன். மாடல் ஷீட் வந்தது: அந்தப் பெண் முன்னால், பக்கவாட்டில், பின்னால் எப்படி இருப்பாள் என்று. நிற அட்டவணை வந்தது. எந்த எழுத்துக்கு வாய் எப்படித் திறக்கும் என்கிற படம் வந்தது. ரிக் கோப்புகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. அதை வைத்து முதல் எபிசோடு செய்து அனுப்பினோம். திரும்பி வந்தது. அந்த ஊர் இயக்குநரின் குறிப்பு ஒன்றே ஒன்று: இவள் தூங்குகிறாள்.

கண் திறந்துதான் இருந்தது. ஷீட்டில் உள்ள அதே கண். நானும் என் பக்கத்து சீட்டுப் பையனும் மூன்று நாள், முதல் சீசனை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். நான்காவது நாள் பிடிபட்டது. அவள் கண் சிமிட்டும்போது இடது இமை வலதைவிட ஒரு ஃபிரேம் முன்னால் இறங்குகிறது. ஒரு நொடியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் பிள்ளை தூங்குகிறாள். முதல் ஸ்டூடியோவில் யாரோ ஒருவருடைய பழக்கம் அது. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னமோ. எந்த ஷீட்டிலும் எழுதவில்லை.

ஸ்டூடியோ மாறினால் என்ன போகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஒரு ஃபிரேம்தான் ஞாபகம் வரும். கதை போகாது, பேப்பரில் இருக்கிறது. குரல் போகாது, அதே நடிகர்கள். போவது எழுதி வைக்காத பழக்கம். அதை மறுபடி தேடிக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரு எபிசோடுக்கு மூன்று வாரம். கண்ணைக் கண்டுபிடித்தோம். அவள் நடை கடைசி வரை சரியாக வரவில்லை. சீசன் யூடியூபில் வந்ததும், "புது சீசன்ல ஏன் இவ ரோபோ மாதிரி நடக்குறா" என்று யாரோ ஒரு அம்மா எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். டைட்டிலில் எங்கள் பெயர் வரவில்லை, கம்பெனி பெயர் மட்டும் வந்தது. ஒருவகையில் நல்லதுதான்.

அந்த வருஷமே மாப்பாவைத் திட்டி நான் எழுதியதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பகலில் அந்த நடையைச் சரி செய்துவிட்டு, ராத்திரி ஹாஸ்டலில் வந்து முன்பின் தெரியாத ஜப்பான்காரர்களைத் திட்டினேன்.

மூன்றாவது சீசன் எங்களுக்கு வரவில்லை. வேறு ஊரில், எங்களைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் எடுத்தார். நவம்பரில் எங்கள் டீமில் பாதிப்பேரை அனுப்பினார்கள்.

*

வேலை இல்லாத நாட்களில் படிக்க நேரம் நிறைய. எந்த ஸ்டூடியோவில் யார் இருந்தார், எங்கே போனார் என்று மொட்டைமாடியில், சிக்னல் கிடைக்கிற அந்த ஒரு மூலையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில், பெரும்பாலான அனிமேக்கள் ஸ்டூடியோவுக்குச் சொந்தமே இல்லை. பதிப்பகம், வீடியோ கம்பெனி, டிவிக்காரர்கள் என்று பலர் பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைக்கிறார்கள். டைட்டன் குழுவில் மாங்காவை வெளியிட்ட கோடன்ஷா உண்டு, போனி கேனியன் உண்டு. உழுகிறவரை வேண்டுமானால் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இதற்கு விளக்கமே தேவையில்லை. பட்டா அவர்கள் பெயரில், குத்தகை ஸ்டூடியோவுக்கு.

இரண்டாவது, போர்டும் ஆளும் ஒன்றில்லை. ஒன் பஞ்ச் மேன் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. 2015இல் முதல் சீசன் மேட்ஹவுஸ், 2019இல் இரண்டாவது ஜே.சி. ஸ்டாஃப். சண்டைக் காட்சிகள் கனம் இழந்துபோயின, உலோகக் கைக்கு எங்கே பார்த்தாலும் ஒரே பளபளப்பு. "மேட்ஹவுஸ் இருந்திருந்தா" என்று இன்னும் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் முதல் சீசனின் அந்தச் சண்டைகளில் பலவற்றை வரைந்தவர்கள் மேட்ஹவுஸ் ஊழியர்களே இல்லை. இயக்குநர் ஷிங்கோ நட்சுமேவை நம்பி அங்கங்கே இருந்து வந்த ஃப்ரீலான்ஸ் கலைஞர்கள். அறுப்புக்கு ஆள் சேர்வது மாதிரி சேர்ந்தார்கள், முடிந்ததும் கலைந்தார்கள். இரண்டாவது சீசன் சிகாரா சகுராய்க்கு வந்தபோது நட்சுமேயும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. மேட்ஹவுஸே அதை எடுத்திருந்தாலும் அந்தக் கூட்டம் திரும்பி வந்திருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

ஏன், போர்டுகளே இப்படிப் பிறந்தவைதானே. மாப்பாவை 2011இல் ஆரம்பித்த மசாவோ மருயாமா, மேட்ஹவுஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். விட் ஸ்டூடியோ 2012இல் புரொடக்‌ஷன் ஐ.ஜி.யில் இருந்தவர்கள் பிரிந்து வந்து தொடங்கியது.

இதையெல்லாம் படித்த பிறகுதான் வின்லாண்டின் இரண்டாவது சீசன் டைட்டிலை ஒழுங்காகப் பார்த்தேன். இயக்கம் ஷூஹெய் யபுட்டா. முதல் சீசனும் அவர்தான். முகங்கள் தகாஹிகோ அபிரு, முதல் சீசனிலும் அவர். இசை யுடாகா யமடா, அதுவும் அப்படியே. போர்டு மாறியிருந்தது. கைகள் கூடவே நடந்து வந்திருந்தன. நானும் பதினேழு பேரும் ஒப்பாரி வைத்தது ஒரு போர்டுக்கு.

*

அப்பா அனிமே பார்க்கிறவர் இல்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி, என் போனில் மட்டும் வெளிச்சம் இருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது சீசனில் சண்டை அநேகமாக இல்லை. தோர்ஃபின் இப்போது அடிமை. டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணையில், எய்னார் என்ற இன்னொரு அடிமையோடு காட்டை வெட்டிக் கோதுமை வயல் ஆக்க வேண்டும். அந்த விளைச்சலில்தான் அவர்கள் தங்களையே விலை கொடுத்து மீட்க முடியும். சண்டை எங்கே என்று பாதிப்பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு மரத்தின் அடிக்கட்டையை இரண்டு பேர் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அது அசைவதே இல்லை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரை ஏறியது. எங்கள் கொல்லையில் பதினான்கு தென்னை விழுந்தது. நான் லீவு போட்டு வந்தேன். வேரோடு சாய்ந்ததைக்கூட வெட்டி அப்புறப்படுத்திவிடலாம். பாதியில் முறிந்து அடிக்கட்டை நிற்கிறதே, அதுதான் உயிரை எடுக்கும். ஜேசிபிக்கு ஊரே வரிசையில் நின்றது. அப்பாவும் நானும் கடப்பாரையோடு ஒரு கட்டைக்கு இரண்டு நாள் என்று தோண்டினோம்.

"என்னா சொல்றான் அவன்?" என்றார். சப்டைட்டிலை நான் தமிழில் சொன்னேன். கட்டை இழுக்கக் குதிரை வேண்டும், பண்ணைக் குதிரையை இவர்களுக்குத் தர மாட்டார்கள். அப்புறம் பண்ணைக்காரனின் வயசான அப்பா ஸ்வெர்கெல், தன் வேலைகளைச் செய்து கொடுத்தால் குதிரை தருகிறேன் என்கிறார். "பெருசு நல்ல மனுசன்" என்றார் அப்பா. "யாரு படம் இது?" நான் யபுட்டா என்றேன். "அந்தாளு மண்ணு தொட்டிருப்பான்" என்றார். தொட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கட்டையை இழுக்கிறவனின் குதிகால் மண்ணுக்குள் புதைகிற விதத்தை யாரோ ஒருவர் நேரம் எடுத்து, சலிக்காமல் வரைந்திருந்தார். முதல் சீசனில் கத்தி வீச்சுக்கு இருந்த கவனம் இப்போது மண்வெட்டிக்கு வந்திருந்தது. கதைக்கு அதுதான் தேவை. அதைப் புரிந்துகொள்ள, முதல் சீசன் கத்தியை ஏன் அப்படிக் காட்டினோம் என்று தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அதிலிருந்து வாராவாரம் "வந்துட்டா?" என்று கேட்டார்.

அந்த ஜனவரியில்தான் இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்தது. என் பழைய தொடரின் மூன்றாவது சீசனில் வேலை செய்கிற பெண். ஊரும் பேரும் வேண்டாம். "அக்கா, உங்க பேரு ஒரு ஃபைலுக்குள்ள இருந்துச்சு. கண்ணு ஏன் செத்த மாதிரி வருதுன்னு தெரியல. எதாச்சும் சொல்ல முடியுமா?"

படித்தேன். பதில் போடவில்லை. என் வேலை போய்தான் அவளுக்கு வேலை வந்தது. மூன்று நாள் நானாகத் தேடினேனே, அவளும் தேடட்டும். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

*

பிப்ரவரி முதல் வாரத்தில் மழை வந்தது. டெல்டாவில் இருப்பவர்களுக்கு 2023இன் அந்த மழை மறக்காது. சம்பா அறுப்புக்கு நிற்கிற நேரம். ராத்திரியோடு ராத்திரியாகக் கதிர் எல்லாம் சாய்ந்தது. அரசாங்கம் பிறகு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. நாங்கள் கடைமடை. தண்ணீர் வேண்டும்போது கடைசியாக வரும், வேண்டாதபோது எல்லாருடைய தண்ணீரும் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது நாள் காலை வாசலில் ஒரு ஆள் நின்றார். இடுப்பு வரை சேறு. அப்பாவின் நிலத்தை எடுத்தவர்.

"அண்ணே. தெக்கால வடிகாலு வெட்டி விட்டுட்டேன். தண்ணி நின்ன எடத்துலயே நிக்கிது. எந்தப் பக்கம் வடியும்னு..."

மிச்சத்தைச் சொல்லவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இன்ஸ்டாகிராமைப் பார்த்தபோது என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

அப்பா மண்வெட்டியை எடுத்தார். "தெக்கால வடியாது. பாக்க அப்புடித்தான் இருக்கும். வடகெழக்கு மூலையில பழைய மடை ஒன்னு தூந்து கெடக்கு. வா."

நானும் பின்னால் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்பா அந்த வரப்பில் கால் வைத்தார். புல் மண்டிக் கிடந்த ஓர் இடத்தில், எந்த அடையாளமும் இல்லாமல், நாலு வெட்டு வெட்டினார். தண்ணீர் முதலில் தயங்கியது. அப்புறம் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அந்த ஆள் எதுவும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "ஏம்ப்பா சொன்ன?" என்று கேட்டேன்.

"நெல்லு என்னா பண்ணுச்சு பாப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. கம்பெனிக் கோப்பு எதுவும் என்னிடம் இல்லை, இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதைத்தான் சொன்னேன்: இடது இமை ஒரு ஃபிரேம் முன்னால் இறங்கும். நடையை எங்களால் பிடிக்க முடியவில்லை, முடிந்தால் முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் மாடிப்படி இறங்குகிற இடத்தைப் பார். "தாமதமா சொல்றதுக்கு மன்னிச்சுக்கோ" என்றும் போட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு இதயம் வந்தது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து வின்லாண்டில், தோர்ஃபினும் எய்னாரும் பாடுபட்டு முளைக்க வைத்த கோதுமை நாற்றைப் பொறாமை பிடித்தவர்கள் பிடுங்கி எறிகிற எபிசோடு வந்தது. அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. வேலிப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "அப்புறம்?" என்றார்.

*

அந்தக் கார்ட்டூனின் மூன்றாவது சீசன் அடுத்த வருஷம் வந்தது. அதற்குள் நாகையிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைகலை வகுப்பும், ஆன்லைனில் கொஞ்சம் ஃப்ரீலான்ஸ் வேலையும் என்று ஒருவாறு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் முதல் எபிசோடைப் போட்டேன். அப்பா திண்ணையில் படுத்திருந்தார்.

கண்ணைப் பார்த்தேன். நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். இரண்டு இமையும் ஒன்றாகத்தான் இறங்கின. நான் சொன்னதை அவள் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, இமை திறக்கும்போது கருவிழி ஒரு நூல் மேலே ஏறி, அப்புறம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. முதல் ஸ்டூடியோவின் கண் இல்லை அது. எங்களுடையதும் இல்லை. பிள்ளை விழித்திருந்தாள்.

மாடிப்படி இறங்கும் காட்சிக்காகக் காத்திருந்தேன். நாய் முதலில் ஓடியது. பின்னால் அவள் இறங்கினாள்.

நடை மட்டும் இன்னும் கொஞ்சம் ரோபோதான்.

"நீ செஞ்சதா பாப்பா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லப்பா, வேற ஒருத்தவ."

"நல்லாருக்கா?"

"கண்ணு நல்லாருக்கு" என்றேன்.